சும்மா இருக்கிற நேரத்து வேலை

(நாகர்கோவிலில் மகளிர் தையல், பின்னல் குழுக்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அன்பைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அதைக் கொஞ்சமாகத்தான் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊசி வேலையைப் பற்றி மேடையேறுகிறவர்கள் பொறுமை, தாய்மை, கருணை என்று மாலை போட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். மாலை விழுந்த பிறகு கூலியைப் பற்றி யாரும் கேட்க முடியாது.

பெண்கள் கூடி உட்கார்ந்து தைப்பதை உலகம் ஒரு வேலையாக மதித்ததே இல்லை. 'சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ பின்னிக்கிட்டு இருக்கா' என்பதுதான் வீட்டுப் பேச்சு. இந்த இளப்பம் சில இடங்களில் பெண்களுக்குக் கேடயமாக இருந்திருக்கிறது. வேறு இடங்களில் இதே இளப்பம்தான் அவர்கள் உழைப்பைத் தின்று ஏப்பம் விட்டிருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உதாரணம்.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. அடுத்த மாதமே ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் வெயிலில் நடத்தியே சாங்கி சிறைக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். 600 கைதிகளுக்கென்று கட்டிய சிறையில் ஆயிரக்கணக்கான குடிமக்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், பிடிபட்ட ராணுவத்தினர் பக்கத்து முகாமில். கணவன் இருக்கிறானா போய்விட்டானா என்று மனைவிக்குத் தெரியாது. கடிதம் எழுதக் கூடாது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சேதி சொல்லி அனுப்பக் கூடாது.

அங்கே எத்தல் மல்வானி என்றொரு பெண் இருந்தார். கனடாக்காரர், செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதி. ராணுவ மருத்துவமனையில் கிடக்கும் காயம்பட்டவர்களுக்குப் பெண்கள் சேர்ந்து ஒட்டுப் போர்வை தைத்துத் தருகிறோம் என்று அவர் யோசனை சொன்னார். ஆளுக்கு 6 அங்குலச் சதுரத்தில் ஒரு துண்டுத் துணி. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைத் தைத்து, பெயரையும் தைத்துக் கொடுக்க வேண்டும். அப்படி 66 சதுரங்கள் சேர்ந்தால் ஒரு போர்வை. மொத்தம் மூன்று செய்தார்கள். ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலியர்களுக்கு. மூன்றாவது காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு. அதன் பின்புறத்தில், அவர்களுடைய வேதனைக்கு முகாம் பெண்களின் அனுதாபத்தைத் தெரிவித்து ஒரு வாசகமும் தைத்தார்கள்.

அந்த மூன்றாவது போர்வையின் சாமர்த்தியத்தை நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். எதிரிக்கும் ஒன்று தைத்துக் கொடுத்த பிறகு மற்ற இரண்டையும் எந்த அதிகாரி தடுப்பான்? அனுதாபமும் நிஜமாகவே இருந்திருக்கலாம். அடிபட்டுக் கிடக்கும் பையனைப் பார்த்தால் தாய்க்கு எந்தச் சீருடை என்று தோன்றாது. இரண்டும் ஒரே துணியில் இருந்ததுதான் அழகு.

பெயரைத் தைப்பது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பென்சிலால் எழுதிக்கொண்டு அதன் மேல் காம்புத் தையல் ஓட்டுவோம். ஊசி ஒரு தையல் முன்னே போகும், அரைத் தையல் பின்னே வந்து ஏறும். எழுத்து வளைகிற இடத்தில் தையலைச் சின்னதாக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவு முறிந்து கோணலாகத் தெரியும். நல்ல ஊசியும் நூலும் கிடைக்கிற வீட்டிலேயே பத்து எழுத்துப் பெயருக்கு ஒரு பொழுது போய்விடும். சாங்கியில் பழைய உடுப்பைப் பிரித்து நூல் உருவ வேண்டியிருந்தது. சதுரங்களில் பூக்கள் இருக்கின்றன, ஊரின் வரைபடங்கள் இருக்கின்றன, சிறை அறையே இருக்கிறது. வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்துகூட இருக்கிறது, காவலர் கண்ணுக்கு எதிரே. ஆனால் மருத்துவமனையில் போர்வையை விரித்த ஆண்கள் முதலில் தேடியது பெயரை. பெயர் இருந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள். அதிகாரிகளுக்கு அது பெண்கள் பொழுதுபோகாமல் செய்த கைவேலை, அந்தப் பக்கத்தில் இருந்தவனுக்கு அது தந்தி. இப்போது இரண்டு போர்வைகள் கான்பராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன, பிரிட்டிஷ் போர்வை லண்டனில் செஞ்சிலுவைச் சங்கத்திடம்.

அதே சிறையில் சின்னப் பெண்கள் சிலர் தனியாக ஒரு போர்வை தைத்தார்கள். சாரணியர் குழுவாகக் கூடி, தங்களை வழிநடத்திய எலிசபெத் என்னிஸ் என்பவருக்குப் பிறந்தநாள் பரிசாக, அவருக்குத் தெரியாமல், அறுகோண வடிவில் துணுக்குத் துணுக்காகச் சேர்த்தது. அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. அதே போர்க்காலத்தில்தான் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம் - பர்மா ரயில் பாதை போடத் தமிழர்களை ஜப்பானியர் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் தோட்ட லயங்களில் இருந்தார்கள். அந்தப் பெயர்களுக்கு 6 அங்குலத் துணிகூட வாய்க்கவில்லை.

சிலி நாட்டுக்கு வருகிறேன். 1973 செப்டம்பர் 11 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ராணுவத் தளபதி பினோசெத்தின் ஆட்கள் கூட்டிப்போனவர்களில் ஏராளமானோர் வீடு திரும்பவே இல்லை. கணவனை, மகனைத் தேடி ஒவ்வொரு காவல் நிலையமாக, பிணவறையாக அலைந்த பெண்கள் சந்தியாகோவில் தேவாலயத்தின் ஆதரவில் கூடினார்கள். 1976-இல் கார்டினல் ராவுல் சில்வா என்ரீக்கெஸ் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கி அவர்களுக்கு இடமும் துணியும் கொடுத்தார். சாக்குத் துணிதான் அடி. அதன் மேல் கந்தல் துண்டுகளை வெட்டி ஒட்டுத் தையல். ஆண்டீஸ் மலை, மேலே சூரியன், கீழே தெரு. தெருவில் சுண்டுவிரல் அளவுத் துணிப் பொம்மைகள், பஞ்சடைத்துப் புடைப்பாகத் தைத்தவை. தூரத்தில் பார்த்தால் குழந்தைகள் அறையில் மாட்டுகிற படம். கிட்டே போனால் தெரியும்: அந்தப் பொம்மை ஆளை ஒரு வண்டியில் ஏற்றுகிறார்கள். இன்னொன்றில் பெண்கள் வரிசையாக நின்று 'எங்கே அவர்கள்?' என்று பலகை பிடிக்கிறார்கள். சில துண்டுகள் காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே வெட்டியவை.

நாட்டுப்புறக் கைவேலை என்று நினைத்து அதிகாரிகள் முதலில் கண்டுகொள்ளவில்லை. தேவாலயத்தின் வழியாக அவை வெளிநாடு போய் விற்றன, பெண்களுக்குக் கையில் காசும் வந்தது. அரசுக்குப் புரிந்தபோது உலகமெல்லாம் சுவர்களில் மாட்டியாகிவிட்டது. அனுபவமில்லாத கைகள் என்பதால் தையல் ஒழுங்காக இராது. இந்த வேலையை 'அழகான கலை' என்று புகழ்வதை நான் ரசிப்பதில்லை. சாட்சி சொல்ல வந்தவளிடம் உன் குரல் இனிமை என்பதுபோல அது.

இதுவரை இளப்பம் கேடயமாக நின்ற கதை. இனி மறுபக்கம்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டதும் இங்கிலாந்தில் ராணி மேரியின் பெயரில் இருந்த தையல் சங்கம் நாட்டுப் பெண்களை அழைத்தது. வீரர்களுக்குச் சட்டை தையுங்கள், காலுறை பின்னுங்கள். வசதியான வீடுகளில் எல்லாம் ஊசிகள் கிளம்பிவிட்டன. அதே வாரங்களில் கூலிக்குத் தைத்துப் பிழைத்த பெண்கள் வேலை இழந்து தெருவில் நின்றார்கள். போர் என்றதும் பணக்காரர்கள் புது உடுப்பு தைக்கக் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே தையல் வேலையைச் சீமாட்டிகள் இலவசமாகச் செய்யக் கிளம்பினால் இவர்கள் எங்கே போவது? தொழிற்சங்கத் தலைவி மேரி மக்கார்தர் இதைப் பகிரங்கமாகக் கேட்டார். ராணி அவரை அழைத்துப் பேசினார். பெண்களுக்குக் கூலியோடு வேலை தர ஒரு நிதி திரட்டினார்கள். அதிலும் கொடுத்த கூலி போதாது என்று பெண் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் சண்டை பிடித்தது தனிக் கதை.

தர்மத்துக்குத் தைக்கிற ஒவ்வொரு குழுவும் இந்த ஆகஸ்ட் மாதத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நான் இலவசமாகத் தைக்கிற இந்தச் சட்டை வேறு யாருடைய கூலி?

இந்த ஊர் விஷயத்துக்கு வருவோம். 1819-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், 1820-களின் தொடக்கத்தில் லேஸ் போடக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, மிஷனரி கால்டுவெல்லை மணந்து 1844-இல் இடையன்குடி போனபோது அந்த வேலை அங்கேயும் போயிற்று. முளகுமூட்டில் 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மதர் மேரி லூயிஸ் டி மீஸ்டர் தொடங்கிய கன்னியர் மடத்தில் லேஸும் எம்பிராய்டரியும் அநாதைப் பிள்ளைகளின் பிழைப்புக்கு வழியாயின.

அந்த லேஸ் போடுவதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மடியில் திண்டு மாதிரி ஒரு தலையணை. அதன் மேல் புள்ளி குத்திய அட்டை. புள்ளிதோறும் குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு சிறு குச்சி தொங்கும். குச்சிகளைச் சோடி சோடியாக எடுத்துக் குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசியைச் சுற்றிவிட்டு அடுத்த சோடிக்குப் போக வேண்டும். கை ஓட ஓடக் குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு புள்ளி தப்பினால் அதுவரை பிரிக்க வேண்டும். அன்றைக்கெல்லாம் விரற்கடை விரற்கடையாகத்தான் வளரும்.

லேஸ் விற்ற காசில் அடிமைப் பெண்கள் தங்களைத் தாங்களே விலை கொடுத்து மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறு சொல்கிறது. திருவிதாங்கூரில் அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது 1855-இல். அரசாணைக்கு முன்னாலேயே ஊசிமுனையில் சிலருக்கு விடுதலை கிடைத்துவிட்டது. இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரச் சீமாட்டியின் கழுத்துப்பட்டிக்கும் கைமணிக்கட்டுக்கும் லேஸ் போட்ட பெண்கள், தங்கள் மார்பை மறைத்துத் துணி போட்டதற்காகச் சந்தையில் அடிபட்டார்கள். மிஷன் பெண்கள் அவர்களுக்குக் குப்பாயம் தைத்துக் கொடுத்ததும், அதை ஊரார் கிழித்ததும் தோள்சீலைக் கலக வரலாற்றில் இருக்கிறது. 1859-இல்தான் மகாராஜா இறங்கிவந்தார், அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மிஷன் செய்த நல்லதை நான் குறைக்கவில்லை. கூலி கொடுத்தார்கள், அதுதான் விடுதலைக்கு விலையாயிற்று. அன்பை மட்டும் கொடுத்திருந்தால் ஒருத்தியும் மீண்டிருக்க மாட்டாள்.

கூலி எப்படி மறைந்துபோகிறது என்பதற்கு ஆந்திராவின் நரசாபூரைப் பார்க்கலாம். அங்கேயும் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்ததுதான் லேஸ். கொக்கி ஊசியால் பின்னுகிற அந்தக் குரோஷே வேலை பிற்பாடு ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982-இல் ஒரு நூல் எழுதினார். ஒருத்தி பூ மட்டும் பின்னுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். நூல் ஏஜெண்டு கொண்டுவருவார், பின்னியதை அவரே வாங்கிப்போவார். பொருள் வெளிநாட்டுக்குப் போகும். ஆண்கள் வியாபாரி, ஏற்றுமதியாளர். நாளெல்லாம் குனிந்து பின்னுகிற பெண்ணுக்குக் கணக்கில் பெயர் 'இல்லத்தரசி'. ஓய்வு நேரத்தில் செய்கிறாள் என்பதால் கூலி குறைவு. கூலி குறைவென்பதால் அதிக நேரம் பின்னுகிறாள். அந்த ஓய்வு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்க ஆளில்லை.

நரசாபூர் வரை போவானேன்? நம் தெரு டெய்லர் கடையில் ரவிக்கை தைக்கக் கொடுக்கிறோம். கொக்கி கட்டுவதும் ஹெம்மிங் பண்ணுவதும் அவரல்ல. சாயங்காலம் ஒரு பை பக்கத்து வீட்டுக்குப் போகும், காலையில் திரும்பி வரும். தையல் கூலியை ஏற்றும்போது அச்சடித்து மாட்டுகிறார்கள். கொக்கி கட்டுகிற அக்காவுக்கு எப்போது ஏற்றினார்கள்? கேட்டால், 'டிவி பாத்துக்கிட்டே செய்யறதுதானே' என்பார்கள்.

கொடைக்குப் பின்னுவதில் இன்னொரு தொல்லை உண்டு, கொஞ்சம் சிரிப்பான தொல்லை. ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் சின்னப் பெங்குவின்கள் இருக்கின்றன. கப்பல் எண்ணெய் கசிந்து அவற்றின் இறகில் படும். கட்டைவிரல் நகமளவு எண்ணெய் போதும், பறவை செத்துப்போக. குளிர் தாங்காது, அலகால் கோதிக்கோதி எண்ணெயை விழுங்கிவிடும். கழுவுகிறவரை கோதாமலிருக்க ஒரு கம்பளிச் சட்டை போட்டுவிடுவார்கள். 2001-இல் ஏற்பட்ட கசிவில் 438 பெங்குவின்கள் மாட்டின, அவற்றில் 96 சதவீதம் பிழைத்துக் கடலுக்குத் திரும்பின. இந்தச் செய்தி பரவியதும் உலகமெங்கும் பின்னல் ஊசிகள் துள்ளின. 109 வயது ஆல்ஃபி டேட் என்ற தாத்தாகூடப் பின்னிக் கொடுத்தார். சட்டைகள் வந்து குவிந்தன. போதும், அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. மிஞ்சியவற்றைப் பொம்மைப் பெங்குவின்களுக்குப் போட்டு விற்று நிதி சேர்த்தார்கள். நல்லவேளை, அதற்கு ஒரு வழி இருந்தது. நம் ஊர் மேமாத வெயிலில் முதியோர் இல்லத்துக்குப் போய்ச்சேருகிற கம்பளிக் குல்லாய்களுக்கு அந்த வழியும் இல்லை.

சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் சேர்த்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 2016 ஜனவரி 31 அன்று அவர்கள் இணைத்து விரித்த குரோஷே போர்வை 11,148.5 சதுர மீட்டர். கின்னஸ் சாதனை. சாதனைகள்மேல் எனக்குப் பெரிய மோகமில்லை, அளவு பெரிதானால் அழகு பெரிதாகிவிடாது. ஆனால் அவர்கள் அதைத் தனித்தனிப் போர்வைகளாகச் சேர்த்திருந்தார்கள். பிறகு பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். பிரிக்கும்போதும் உருப்படியாக இருக்கிற மாதிரி முதலிலேயே திட்டமிட்ட அந்த யோசனைக்கு என் வணக்கம். யார் மேல் போகும், எந்த அளவு வேண்டும் என்று கொக்கியை எடுக்கும் முன் யோசித்திருக்கிறார்கள்.

கைவேலைக்குள் இருக்கும் அறிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிபரவளைவுத் தளம் என்று கணிதத்தில் ஒன்று உண்டு. எந்தப் பக்கம் போனாலும் விரிந்துகொண்டே, சுருக்கம் சுருக்கமாக மடிகிற பரப்பு. அதைக் காகிதத்தில் ஒட்டிச் செய்து காட்டுவார்கள், கையில் எடுத்தால் கிழியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா தைமினா 1997-இல் அதைக் குரோஷேயில் பின்னிவிட்டார். குறிப்பிட்ட கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். குழந்தைக் கவுனுக்கு ஃப்ரில் வைக்கிற பாட்டி இதைத்தான் செய்கிறாள், சூத்திரம் தெரியாமல். அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற சகோதரிகள் லாஸ் ஏஞ்சலஸில் 2005-இல் நூலால் ஒரு பவளப்பாறை பின்னத் தொடங்கினார்கள். கடல் சூடாகிப் பவளம் வெளுத்துச் சாகிறதே என்ற கவலையில் பிறந்தது அது. பல நாடுகளில் பல்லாயிரம் கைகள் சேர்ந்தன, 2019-இல் வெனிஸ் கலைக் கண்காட்சி வரை போயிற்று.

மறுபடி கூலிக்கு வருவோம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் இலவசச் சீருடையை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள்தான் தைக்கிறார்கள், உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. கூலி போதாது என்ற குறை நியாயமானது. ஆனால் கூலி என்று ஒன்று எழுத்தில் இருப்பதால்தான் போதாது என்று சொல்லவாவது முடிகிறது. தருமபுரி சித்தேரி மலையடிவாரத்தில் சிட்டிலிங்கி பள்ளத்தாக்கின் லம்பாடிப் பெண்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சேலைக்கு மாறிய பிறகு இரண்டு தலைமுறையாகக் கைவிட்டிருந்த எம்பிராய்டரியை, நினைவில் வைத்திருந்த மூத்த பெண்களிடமிருந்து மீட்டு 2006-இல் 'போர்கை' என்ற சங்கமாகக் கூடினார்கள். சங்கம் அவர்களுடையது, விலை வைப்பதும் அவர்கள்.

உங்கள் குழுக்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. மருத்துவமனைக்கோ இல்லத்துக்கோ தைக்கும் முன் அங்கே போய் அளவையும் துணி வகையையும் கேட்டு வாருங்கள். உங்களில் தையலையே பிழைப்பாகக் கொண்டவர் யார் என்று பாருங்கள். அவருக்குக் குழுவின் நிதியிலிருந்து கூலி கொடுங்கள், கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். செய்ததன் பின்புறத்தில் பெயரைத் தையுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அது நாளைக்குத் தள்ளிப்போடக் கூடாதது. மார்த்தா மால்ட்டின் பெயர் நமக்குத் தெரியும், எலைசா கால்டுவெல்லின் பெயர் தெரியும். அவர்களிடம் கற்று லேஸ் போட்ட பெண்களில் எத்தனை பேரின் பெயரை நம்மால் சொல்ல முடியும்? அவர்களை இனிப் பிடிக்க முடியாது. ஆனால் மடங்களிலும் மிஷன் கூடங்களிலும் லேஸும் எம்பிராய்டரியும் செய்த பெண்கள், எழுபது எண்பது வயதில், இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். எந்த வயதில் உட்கார்ந்தார்கள், முழத்துக்கு என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், கண் எப்போது மங்கியது, அந்தக் காசில் வீட்டில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய புள்ளியட்டை, குச்சி ஏதாவது பரணில் கிடந்தால் படம் எடுத்துவையுங்கள். எந்தெந்த ஊரை யார் பார்ப்பது என்று இன்றைக்கே பிரித்துக்கொண்டால் நல்லது. இடையன்குடிப் பக்கம் போக ஆள் வேண்டும், நானும் வருகிறேன்.